ஒன்றரை டன் கருங்கல் பந்து தண்ணீர்மேல் சுழல்வது எப்படி?

பெங்களூரு வைட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் தமிழ் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: நுழைவாயிலில் 1 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் பந்து ஒன்று தண்ணீர்மேல் சுழலும்படியான நீரூற்று அமைக்க நினைக்கிறார்கள். அவ்வளவு பெரிய கல்லை எப்படி உருண்டையாக்குகிறார்கள், தண்ணீர் அதை எப்படித் தூக்குகிறது, ஒப்பந்தக்காரர் 5 குதிரைத்திறன் பம்பு வேண்டும் என்கிறாரே, அது சரிதானா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1 மீட்டர் பந்துக்கு அரைக் குதிரைத்திறன் பம்பே போதும், ஆனால் கல்லைச் சரியாகச் சாணை பிடித்திருக்க வேண்டும். 5 குதிரைத்திறன் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், பந்தும் அது அமரும் கிண்ணமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தப் போவதில்லை என்பதை அவர் இப்போதே எதிர்பார்க்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இந்த நீரூற்றில் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் கல்லின் வடிவத் துல்லியமே. பம்பு அதற்குப் பிறகுதான்.

பலரும் இதை ஆர்க்கிமிடிஸ் சொன்ன மிதப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு இங்கே வேலையே இல்லை. 1 மீட்டர் விட்டமுள்ள கோளத்தின் கனஅளவு ஏறத்தாழ 0.52 கனமீட்டர். கிரானைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.7 மடங்கு என்பதால் பந்தின் எடை சுமார் 1,400 கிலோ. கிண்ணத்தின் வாய் 60 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், பந்தின் அடியில் 10 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே அதற்குள் இறங்கியிருக்கும். அந்தப் பகுதியின் கனஅளவு 15 லிட்டருக்கும் குறைவு. ஆக, மிதப்பு விசை தாங்கக்கூடியது 15 கிலோவைத்தான், அதாவது மொத்த எடையில் நூறில் ஒரு பங்கை. பந்தை முழுவதுமாகக் குளத்தில் போட்டாலும் அது நேராக அடியில்தான் போய்ச் சேரும். இங்கே எடையைத் தாங்குவது பம்பு கொடுக்கும் நீரழுத்தம். பெரிய தொலைநோக்கிகளையும் கனரக இயந்திர மேசைகளையும் எண்ணெய்ப் படலத்தின்மேல் ஏற்றி எளிதாகத் திருப்புகிறார்களே, அதே ஏற்பாடுதான், எண்ணெய்க்குப் பதில் தண்ணீர்.

அழுத்தமும் அப்படியொன்றும் பெரியதல்ல. கிண்ணத்தின் நடுவில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சற்றே குழிவாக ஒரு பள்ளம் விட்டு, அதற்குள் தண்ணீரைச் செலுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் அழுத்தம் முழுதாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள பட்டையான விளிம்பில், உள்ளிருந்து வெளியே வர வர அழுத்தம் குறைந்து, வாயோரத்தில் ஒன்றுமில்லாமல் போகும். இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டால், 1,400 கிலோவைத் தாங்கப் பள்ளத்தில் 7 மீட்டர் உயர நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தம் இருந்தால் போதும். இரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு வரும் அழுத்தம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பந்து கல்லோடு கல்லாக அமர்ந்திருக்கும்போது விளிம்பில் படலம் இல்லாததால் பள்ளத்தின் பரப்பு மட்டுமே அதைத் தள்ள முடியும், அதற்குச் சுமார் 11 மீட்டர் அழுத்தம் தேவைப்படும். பள்ளத்தை 20 சென்டிமீட்டராகச் சுருக்கினால் இந்தத் தொடக்க அழுத்தம் நான்கு மடங்காகிவிடும். சிறு துளை ஒன்றை மட்டும் நடுவில் போட்டுவிட்டு, பந்து எழும்பவில்லை என்று பம்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் கவனிப்பதில்லை.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் இடத்துக்கு வருகிறேன். பந்துக்கும் விளிம்புக்கும் இடையே ஓடும் நீர்ப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். இவ்வளவு ஒடுங்கிய இடைவெளியில் ஓடும் நீரின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். மேலே சொன்ன அளவுகளில் படலம் 0.2 மில்லிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 50 லிட்டர் போதும். அதுவே 0.4 மில்லிமீட்டர் ஆனால் எட்டு மடங்கு, அதாவது 400 லிட்டர் வேண்டும். பந்தில் அரை மில்லிமீட்டர் மேடும் பள்ளமும் இருந்தால், மேடு கிண்ணத்தில் உரசாமல் இருக்க அதைவிடத் தடிமனான படலம் வேண்டும். அப்படித்தான் பம்பு அரையிலிருந்து ஒன்றரையாகி, ஒன்றரையிலிருந்து ஐந்தாகிறது. துல்லியமான பந்து ஆண்டுக்கணக்கில் மின்கட்டணத்தை மிச்சப்படுத்துகிறது என்பதோடு, அதைச் சுற்றி வழியும் நீர் சலசலப்பில்லாமல், கண்ணாடி போர்த்தியதுபோல மெல்லிய தகடாக இறங்கும் அழகும் அதில்தான் கிடைக்கும். இதே விதியில் ஒரு நன்மையும் உண்டு: பம்பின் ஓட்டம் இரண்டு மடங்கானாலும் படலம் கால் பங்குதான் தடிக்கும் என்பதால், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் பந்து நிலைகுலையாது.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஊர் மிகவும் வசதியான இடத்தில் இருக்கிறது. ஜிகணிப் பக்கம் கிரானைட் அறுத்து மெருகேற்றும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. கனகபுரா, சாமராஜநகர், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி என்று குவாரிகளும் அருகிலேயே உள்ளன. ஆனால் நல்ல கல் எல்லாமே பந்துக்கு ஆகாது. லால்பாக் பாறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய அந்தத் தீபகற்ப நைஸ் (gneiss) என்ற வரிப்பாறையில் வெளுப்பும் கறுப்புமாக வரிகள் ஓடும். பலகையாக அறுத்தால் கண்ணைப் பறிக்கும் அந்த வரிகள் பந்துக்கு இடைஞ்சல். ஒவ்வொரு வரியும் வெவ்வேறு கனிமங்களால் ஆனது என்பதால் சாணையில் ஒன்று சீக்கிரம் தேயும், மற்றொன்று மெல்லத் தேயும். அடர்த்தியும் ஒரே சீராக இராது. சுழலும் பந்துக்கு, மணி (கல்லில் உள்ள கனிமத் துகள்) ஒரே அளவாகவும் சீராகவும் உள்ள, நரம்போ திட்டோ இல்லாத கல் வேண்டும். கறுப்பு கிரானைட் என்று வணிகத்தில் விற்கப்படுவது நிலவியலில் டாலரைட், காப்ரோ வகையைச் சேர்ந்தது. மணி மிக நுண்ணியது, மெருகும் நன்றாக ஏறும். அதன் அடர்த்தி 3-ஐ ஒட்டியிருப்பதால் அதே 1 மீட்டர் பந்து ஒன்றரை டன்னைத் தாண்டும், பம்புக் கணக்கிலும் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் மிகப் பெரிய ஆபத்து. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் உள்ள வர்ஜீனியா அறிவியல் அருங்காட்சியகத்தில் 2003-இல் தென்னாப்பிரிக்கக் கறுப்பு கிரானைட்டால் ஆன, 2.65 மீட்டர் விட்டமும் 29 டன் எடையும் கொண்ட பந்தை நிறுவினார்கள். இவ்வகையில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. சிறிது காலத்திலேயே விரிசல் கண்டு, மிதக்க முடியாத நிலைக்கு வந்ததால், 2005-இல் வேறு பந்தை வைக்க நேர்ந்தது. ஆகவே பாறையை வாங்கும்போதே எல்லா முகங்களிலும் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டுப் பாருங்கள். விரிசல் உள்ள இடம் கடைசியாகக் காயும், கோடு தனியாகத் தெரியும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் நம் கல்தச்சர்களின் நம்பகமான சோதனை. முழுக்கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் கண்ட கல் மந்தமாக ஒலிக்கும்.

உருண்டையாக்கும் வேலை கழிவிலிருந்தே தொடங்குகிறது. கனசதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய கோளம்கூட அதன் கனஅளவில் 52 விழுக்காடுதான். நடைமுறையில் 1 மீட்டர் பந்துக்குப் பக்கத்துக்கு 1.1 மீட்டர் உள்ள பாறை வேண்டும். அதன் எடை சுமார் 3.6 டன். அதில் இரண்டு டன்னுக்கு மேல் துண்டும் சேறுமாகப் போய்விடும். பந்தின் விலையைக் கேட்டுத் திகைப்பவர்களுக்கு இதை முதலில் விளக்கினால் பாதி புரிந்துவிடும். கனசதுரத்தின் 12 விளிம்புகளையும் வைர ரம்பத்தால் சரிவாகச் சீவி, பிறகு 8 மூலைகளையும் வெட்டினால் 26 முகங்கள் கொண்ட உருவம் கிடைக்கும். அங்கிருந்து அரைவட்டமாக வெட்டிய தகட்டு அச்சை வைத்துப் பார்த்துக்கொண்டே முனைகளைப் பொளிந்து, ஓரளவு உருண்டையாக்குவார்கள். கணினி இயக்கும் வைரக்கம்பி ரம்பம் உள்ள பட்டறையில் இந்தக் கட்டம் வேகமாக முடிந்துவிடும்.

இதற்குப் பிறகு வரும் சாணைதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. கருவி ஒரு வளையம்: தடித்த எஃகுக் குழாயின் வாயில் வைரத்துண்டுகள் பதித்தது, விட்டம் பந்தின் விட்டத்தில் பாதிக்கு மேல். பந்து கீழே சுழலும் இருக்கையில் அமர்ந்திருக்க, மேலிருந்து சாய்வாக இந்த வளையம் சுழன்றுகொண்டே இறங்கி அழுத்தும். ஒரு வளையலைப் பந்தின்மேல் எந்தப் பக்கம் வைத்தாலும் அது சுற்றிலும் இடைவெளி இல்லாமல் படிந்து உட்காரும், வேறு எந்த வடிவத்தின்மேலும் அப்படி எல்லாப் பக்கமும் உட்காராது. சாணை இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. வளையத்தின் அச்சும் பந்தின் அச்சும் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும்படி வைத்து இரண்டையும் சுழற்றினால், வளையம் எங்கெல்லாம் படியவில்லையோ அங்கெல்லாம் மேடு தேய்ந்து, கடைசியில் எஞ்சுவது கோளமாக மட்டுமே இருக்க முடியும். பந்தை அவ்வப்போது வேறு பக்கம் புரட்டி, அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு துருவத்தில் தட்டையும் நடுவில் பட்டையும் விழும்.

பட்டறையில் நின்று பார்த்தால் இது காதுக்கே தெரியும். தொடக்கத்தில் வளையம் மேடுகளில் மட்டும் மோதுவதால் தடதடவென்று விட்டுவிட்டுச் சத்தம் வரும், சாம்பல்நிறச் சேறு ஒரு பக்கமாகத் தெறிக்கும். மணிக்கணக்கில் ஓடியபின் மோதல் ஒலி தேய்ந்து, ஒரே சீரான இரைச்சலாக மாறும், சேறும் வளையத்தைச் சுற்றிலும் சமமாக வழியும். அனுபவமுள்ள மேஸ்திரி அந்த ஒலியை வைத்தே அடுத்த எண் சாணைக்கல்லுக்கு மாறலாம் என்று சொல்லிவிடுவார். எண் கூடக் கூடச் சாணையின் துகள் நுண்ணியதாகும். 60-ஆம் எண்ணில் தொடங்கி 120, 220, 400, 800 என்று ஏறி 1500, 3000 வரை போய், இறுதியில் வெள்ளீய ஆக்சைடு பொடியால் மெருகேற்றுவார்கள். ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண் விட்ட கீறலை முழுவதுமாக அழித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால், மெருகு ஏறிய பிறகு வெயிலில் அந்தக் கீறல்கள் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாமே தண்ணீர் விட்டு ஈரமாகச் செய்ய வேண்டிய வேலை. உலர்சாணையில் பறக்கும் சிலிக்கா தூசு தொழிலாளியின் நுரையீரலை அரித்துவிடும், அந்த நோய்க்கு மருந்து கிடையாது. உலர்சாணையில் வேலை நடக்கும் பட்டறையில் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் வாங்காதீர்கள் என்று இங்கே அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரம் இல்லாமலும் பெரிய கல்லுருண்டைகளை மனிதர்கள் செய்திருக்கிறார்கள். கோஸ்டா ரிக்காவின் டிக்கீஸ் பகுதியில் 70 சென்டிமீட்டரிலிருந்து 2.57 மீட்டர் வரை விட்டமுள்ள பழங்காலக் கோளங்கள் உள்ளன. யுனெஸ்கோ 2014-இல் அவற்றை உலக மரபுச் சின்னமாக்கியது. நம் கோயில் யாளிகளின் வாய்க்குள், பல்வரிசைக்குப் பின்னே, வெளியே எடுக்க முடியாமல் உருளும் கல்குண்டு இன்னும் கடினமான வேலை. ஒரே கல்லில் இடுக்கு வழியாக உளியை விட்டுக் குடைந்து அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் உருண்டையாக இருந்தால் போதும். நீர்ப்படலத்தில் சுழலும் பந்துக்கு அந்தக் கண்ணளவு போதாது. கொத்தர் கணக்கில் ஒரு நூல் என்பது சுமார் 3 மில்லிமீட்டர். இங்கே அதில் முப்பதில் ஒரு பங்குக்குள் பிழை அடங்க வேண்டும்.

பந்தைப் போலவே கிண்ணத்தின் விளிம்பும் அதே ஆரத்தில் இருக்க வேண்டும். பந்தை ஓரிடத்திலும் கிண்ணத்தை வேறோரிடத்திலும் செய்யக் கொடுத்து இணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே பாறை வகையில், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்த்துச் செய்யப்பட வேண்டும். சரிபார்க்கும் முறை எளிது. பந்தின் அடிப்பாகத்தில் செங்காவியை மெல்லப் பூசி, கிண்ணத்தில் இறக்கி, சிறிது திருப்பி எடுத்தால், உயரமாக உள்ள இடங்களில் மட்டும் காவி ஒட்டியிருக்கும். விளிம்புப் பட்டை முழுவதும் காவி சீராகப் படியும்வரை தேய்த்துத் திருத்துவார்கள். தண்ணீர் விட்ட பிறகு உங்கள் கண்ணாலேயே சோதிக்கலாம்: வாயைச் சுற்றி நீர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வழிய வேண்டும். பந்து சுழலும்போது, நீர் குறைவாக வழியும் இடமும் பந்தோடு சேர்ந்தே நகர்ந்தால் குறை பந்தில் இருக்கிறது, ஒரே இடத்தில் நின்றால் குறை கிண்ணத்தில் இருக்கிறது.

பந்து எதனால் சுழல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கும் நீர் தானாகச் சுழற்றாது. பள்ளத்துக்குள் தண்ணீர் வரும் துளைகளைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்து வைப்பதால் கிடைக்கும் மிகச் சிறிய இழுப்பே போதுமானது, ஏனெனில் எதிர்த்து நிற்பது மெல்லிய நீர்ப்படலத்தின் பிசுக்கு மட்டும்தான். ஒரு கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையைப் பந்தின் நடுமட்டத்தில் பத்து வினாடி தொடர்ந்து கொடுத்தால், அது 18 வினாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தை அடைந்துவிடும். கையை எடுத்த பிறகு வேகம் பாதியாகக் குறையக் கணக்குப்படி பல நிமிடங்கள் ஆகும். குழந்தைகள் தள்ளத் தள்ள எந்தத் திசையிலும் அது திரும்புவதற்குக் காரணம், எடை மையமும் கோள மையமும் ஒன்றாக இருப்பதே. கல்லுக்குள் ஒரு பக்கம் அடர்த்தி கூடியிருந்தால், அந்தப் பக்கம் கீழே வந்து நின்று பந்து ஊசலாடத் தொடங்கும். உலக வரைபடம் செதுக்கச் சொல்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். செதுக்கல் விளிம்பைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கோடுகள் வழியே அழுத்தம் கசியும். நான் வெறும் மெருகேற்றிய பந்தையே தேர்ந்தெடுப்பேன், கட்டாயம் வேண்டுமென்றால் மணலைப் பீய்ச்சி ஆழமில்லாமல் பொறிக்கும் மணல்வீச்சு வேலை போதும்.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூருக்கே உரிய இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று சட்டம்: 2024 மார்ச்சில் தட்டுப்பாடு கடுமையானபோது, குடிநீரை அலங்கார நீரூற்றுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நகரக் குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. மற்றொன்று போர்வெல் நீரின் கடினத்தன்மை: கறுப்புக் கல்லில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு மிகவும் அசிங்கமாகத் தெரியும். அதை நீக்குவதற்காகக் கழிவறை ஆசிட்டை ஊற்றினால் இணைப்புச் சிமென்ட் அரிக்கும், நாளடைவில் மெருகும் மங்கும். இரண்டு கவலைக்கும் ஒரே தீர்வு, சேமித்த மழைநீர். தாது உப்பு குறைவான நீர் அது. கீழே 1,000 லிட்டர் தொட்டி வைத்து அதையே சுழற்சியில் விட்டால், இழப்பு ஆவியாவதும் சிந்துவதும் மட்டுமே. குழந்தைகள் கை வைப்பார்கள் என்பதால் குளோரின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து நீரை இதற்கு நான் அனுமதிக்க மாட்டேன்.

வடிகட்டியை மறந்துவிடாதீர்கள். படலமே 0.2 மில்லிமீட்டர்தான் எனும்போது, அதைவிடப் பெரிய ஒரு மணல் துகள் உள்ளே புகுந்தாலும் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே சிக்கிக் கீறும். ஆகவே படலத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு நுண்மையான வடிகட்டி பம்புக்குப் பிறகு இருக்க வேண்டும். கட்டுமானத் தூசும் மணலும் இத்தகைய நீரூற்றுகளைச் சொரசொரப்பாக்கிவிடும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைட்ஃபீல்டு குடியிருப்புகளில் நுழைவாயிலுக்கு அடியில் பெரும்பாலும் வாகன நிறுத்தத் தளம் இருக்கும். பந்து, கிண்ணம், பீடம் எல்லாம் சேர்ந்து 3 முதல் 4 டன் எடை ஒரு சதுர மீட்டரில் இறங்கும். கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல் அந்தத் தளத்தின்மேல் வைக்கக் கூடாது. தூணுக்கு நேர்மேலாகவோ, மண்தரை உள்ள இடத்திலோ வைப்பது நல்லது. கிரேனில் தூக்குவதற்காகப் பந்தில் கொக்கித் துளை போட ஒப்புக்கொள்ளாதீர்கள், அகலமான நைலான் பட்டைகளே போதும். கிண்ணத்தின் வாய் மட்டம் பார்த்து நிறுத்தப்பட வேண்டும். சாய்ந்திருந்தால் தாழ்ந்த பக்கத்து விளிம்பில் பந்து ஒட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பில் கவனிக்க வேண்டியது, பந்தும் கிண்ண விளிம்பும் சந்திக்கும் ஒடுங்கிய இடுக்கு. படலத்துக்குள் விரல் போகாது, ஆனால் கீழ்நோக்கிச் சுழலும் பக்கத்தில் அந்த இடுக்கில் விரலை வைத்தால் பந்து உள்ளே இழுக்கப் பார்க்கும். ஒன்றரை டன் எடையைக் குழந்தையால் சட்டென்று நிறுத்த முடியாது. எனவே விளிம்பின் வெளிப்பக்கத்தை நன்றாகச் சரித்து வெட்டி, குழந்தையின் கை இடுக்கை எட்டாத அகலத்துக்குப் பீடத்தை நீட்டி, சுழற்சியை மெதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில், ஏற்றுக்கொள்ளும் சோதனையாக இவற்றை எழுதி வாங்குங்கள்: பந்தின் விட்டத்தைப் பல திசைகளில் அளந்தால் வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அரைக் குதிரைத்திறன் பம்பில் பந்து எழும்பிச் சுழல வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஊசலாடாமல் திரும்ப வேண்டும். பம்பை நிறுத்தி மறுபடி ஓட்டினால் உரசல் ஒலி இல்லாமல் தானே எழ வேண்டும். கடைசிச் சோதனையைப் பட்டறையிலேயே, லாரியில் ஏற்றுவதற்கு முன், பலமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் பந்து ஒவ்வொரு முறையும் கல்லின்மேல் இறங்கி எழ வேண்டியிருக்கும். நீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு ஒன்றைக் குழாயில் வைத்தால், பம்பு நின்றதும் அது சட்டென்று விழாமல் மெல்ல அமரும்.